மே மாதப் பந்தலில் வந்தவர்கள் வேகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அண்ணா, பொதட்டூர்பேட்டை பக்கத்தில் எங்கள் சொந்த நிலத்தில் மே இரண்டாம் வாரம் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. நான்தான் தாய்மாமன். நகரி, புத்தூர், சித்தூர் உறவுகளையும் சேர்த்து 400 பேர் வருவார்கள். தகர ஷீட் பந்தல் பேசியிருக்கிறோம். எத்தனை ஏர் கூலர் வைத்தால் தாங்கும்? ஏசி பந்தலே போட்டுவிடலாமா?"

தம்பி, கூலர் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நான் பந்தல் தொழிலில் இருப்பவன். திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி வட்டாரத்துக் கத்திரி வெயிலில் பந்தல் போட்டுப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கூலருக்குக் கொட்டும் பணத்தில் பாதியைக் கூரைக்குச் செலவழித்தால் மீதிப் பாதியில் கூலர் வேலையும் முடிந்துவிடும். கூரையை விட்டுவிட்டு எத்தனை கூலர் இறக்கினாலும் அதன் முன்னால் உட்கார்ந்த பத்துப் பேருக்குத்தான் சுகம்.

ஏன் என்று பார்க்கலாம். நம் ஊர் ஏறக்குறைய 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும், கம்பம் நட்டால் அதன் நிழல் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். உங்கள் விழா நடக்கும் மே இரண்டாம் வாரத்தில் உச்சியிலிருந்து வடக்கே சில டிகிரிதான் நகர்ந்திருக்கும். அதாவது பத்தரை மணியிலிருந்து இரண்டு மணி வரை வெயில் முழுவதும் விழுவது கூரை மேல்தான், பக்கவாட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் இறங்குகிறது. 60 அடிக்கு 100 அடிப் பந்தல் என்றால் கூரை 560 சதுர மீட்டர் வரும். மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

தகர ஷீட் அந்த வெயிலில் 60 டிகிரிக்கு மேல் போகும். சூடான தகரம் கீழே இருக்கிறவர்கள் மேல் நேரடியாக அனலை வீசும். சுற்றிலும் காற்று எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் இந்த அனல் தலையில் விழுந்துகொண்டே இருக்கும். பந்தல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் கருவி எதுவும் கிடையாது. ஒரு வழுக்கைத் தலைப் பெரியவரை நடுவில் உட்காரச் சொல்வேன், அவர்தான் என் தெர்மாமீட்டர். அவர் ஐந்து நிமிடத்தில் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டால் கூரையில் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

கூரைக்கு முதல் தரம் இன்றைக்கும் தென்னங்கீற்றுதான். கீற்று தகரம் மாதிரிச் சூட்டைக் கீழே கடத்தாது, இடுக்குகள் வழியே சூடான காற்று மேலே கசிந்து போய்விடும். ஆனால் 6,000 சதுர அடிக்குக் கீற்று வேய ஆளும் இல்லை, கிடைக்கிற கீற்றுக்கு விலையும் குறைவில்லை. தீ பயம் வேறு. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடிக் கீற்றுப் பந்தல் பற்றியெரிந்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். துணியும் சாதுவான பொருள் இல்லை. 1995 டிசம்பரில் ஹரியானாவின் தப்வாலியில் ஒரு பள்ளி விழாவின் செயற்கைத் துணிப் பந்தல் பற்றியதில் 400க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதனால் கீற்று போடுவதானால் அதற்குக் கீழே ஒரு வயர்கூடக் கட்டக்கூடாது, வெளியேற நாலு பக்கமும் வழி இருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு நான் கீற்றுப் பந்தல் போடுவதில்லை.

உங்களுக்கு ஷீட் பந்தல்தான் என்றால் அதையே இரட்டைக் கூரையாக மாற்றலாம். ஷீட்டுக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடி இடைவெளி விட்டு மூங்கில் கட்டி, நாற்றங்கால் போடுகிறவர்கள் வைத்திருக்கும் பச்சை நிழல்வலையை விரித்துக் கட்டுங்கள். வெயிலில் 75 சதவீதத்தைத் தடுக்கும் வலை போதும், 90 சதவீதம் தடுப்பது கிடைத்தால் நல்லது. வெயிலை வலை வாங்கிக்கொள்ளும். வலைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் காற்று ஓடுவதால் வலையின் சூடு அங்கேயே அடித்துக்கொண்டு போய்விடும். வலையை ஷீட் மேலேயே ஒட்டிப் போட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது, அந்த இடைவெளிக்குத்தான் காசு கொடுக்கிறோம். பள்ளிப்பட்டுப் பக்கம் நர்சரிக்காரர்கள் யாராவது தெரிந்திருந்தால் வலையை வாடகைக்கே வாங்கலாம், புதிதாக வாங்க வேண்டியதில்லை.

ஷீட்டுக்குக் கீழே அலங்காரக்காரர் ஒரு வெள்ளைத் துணி கட்டுவார், அதுவும் நல்லதுதான். தகரத்தின் அனல் நேரே தலையில் விழாமல் அது தடுக்கும். ஆனால் அவர் அழகுக்காகத் துணியை நாலு பக்கமும் இழுத்து மூடிக் கட்டிவிடுவார். அப்போது தகரத்துக்கும் துணிக்கும் நடுவில் சூடான காற்று அடைபட்டுக் கிடக்கும், பதினொரு மணிக்கெல்லாம் துணியே சுட ஆரம்பித்துவிடும். இரண்டு முனையிலும் முக்கோணப் பகுதியைத் திறந்து விடச் சொல்லுங்கள். அலங்காரம் கெடுகிறது என்று முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். பந்தல் ஓரம் பத்து அடிக்குக் குறையாமலும் நடு முகடு பதினைந்து அடியாகவும் இருக்க வேண்டும். இரண்டு வரிசைப் பந்தலைச் சேர்த்துப் போடும்போது நடுவில் ஒன்றரை அடி சந்து விட்டால் சூடான காற்று அது வழியே வெளியேறும். மழை வந்தால் அந்தச் சந்தில் ஒழுகும்தான். அங்கே நாற்காலி போடாமல் நடைபாதையாக விட்டால் பிரச்சினை இல்லை.

சொந்த நிலம் என்கிறீர்கள், மோட்டார் இருக்கும், சொட்டுநீர்க் குழாயும் இருக்கலாம். முகட்டில் ஒரு குழாயை ஓடவிட்டு ஷீட் மேல் கோணிச் சாக்குகளைப் பரப்பி நனைத்துக்கொண்டே இருந்தால் கூரைச் சூடு கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது, உலகத்தில் இதைவிட மலிவான ஏசி கிடையாது. உச்சி வேளையில் மணிக்குச் சில நூறு லிட்டர் செலவாகும். கரண்டு எத்தனை மணிக்கு மும்முனை வரும் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தொட்டியில் நிரப்பி வையுங்கள். பழைய ஷீட்டில் ஆணி ஓட்டை நிறைய இருந்தால் இந்த வேலையை மறந்துவிடுங்கள், பட்டுப்புடவை மேல் சொட்டும்.

திருமலையில் மாட வீதிகளில் கோடைக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, தண்ணீர் தெளித்து, நிழல் பந்தல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு வசதி உள்ள தேவஸ்தானமே வெயிலைத் தடு, தரையை நனை என்ற இரண்டு வேலையைத்தான் முதலில் செய்கிறது.

பந்தல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, ரோட்டைப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள். நம் பக்கம் மே மாதத்தில் காலையிலிருந்து மதியம் வரை மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். கடல் காற்று சென்னைக்கு மதியத்திலேயே வந்துவிட்டாலும் நமக்குச் சாயங்காலம்தான் எட்டிப் பார்க்கும், சில நாள் வரவே வராது. விழா மதியம் இரண்டு மணிக்குள் முடியும் என்றால் பந்தலின் நீளப் பக்கம் மேற்கைப் பார்க்கட்டும். காற்று 60 அடியைத்தான் கடக்க வேண்டியிருக்கும், எல்லாருக்கும் கிடைக்கும். மாலை நேர விழா என்றால் அதே அமைப்பு தப்பாகிவிடும். மூன்று மணிக்கு மேல் சாய்ந்த வெயில் அந்த நீளப் பக்கம் முழுவதும் உள்ளே இறங்கும். அப்போது குறுகிய பக்கத்தை மேற்குக்குக் கொடுத்து அங்கே மட்டும் படுதா கட்டுங்கள்.

படுதா பற்றி இன்னொன்று. நாலு பக்கமும் துணி சுற்றிப் பூப் போட்ட பந்தல் போட்டோவில் அழகாக இருக்கும், உள்ளே 400 பேர் மூச்சுவிடுகிற காற்று வெளியே போக வழி இருக்காது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. 400 பேர் என்றால் 40 கிலோவாட். வடக்கும் தெற்கும் எப்போதும் திறந்தே இருக்கட்டும். மேற்குப் பக்கம் காற்று வரும் இடத்தில் துணிக்குப் பதில் வெட்டிவேர்த் தட்டியோ, அது கிடைக்காவிட்டால் இடைவெளி விட்டுக் கோணிச் சாக்கோ தொங்கவிட்டு நனைத்துக்கொண்டிருந்தால் போதும், அனல் காற்று உள்ளே வரும்போது குளிர்ந்து வரும். கரண்டு தேவையில்லை. பார்ப்பதற்கு அழகாக இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். வெட்டிவேர் வாசனை வந்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

நிலத்தில் நல்ல புங்க மரமோ வேம்போ இருந்தால் பந்தலை அதை ஒட்டிப் போடுங்கள். மாந்தோப்பு இருந்தால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பெரியவர்கள் உட்கார நாற்காலிகளை அங்கே போடலாம். ஆனால் மே மாதம் காய்ப்புக் காலம், மருந்து அடித்துச் சில நாள் ஆகியிருக்க வேண்டும். சிவப்பு எறும்புக் கூடு இருக்கிற மரத்தடியில் உட்கார வைத்தால் தங்கையின் புகுந்த வீட்டு ஆட்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

இப்போது கூலருக்கு வருவோம். ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேலை செய்யும். குடியாத்தம், சித்தூர், நகரி, திருத்தணிப் பக்கம் மே மாத மதியத்தில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கூலர் 28 டிகிரிக் காற்றைக் கொடுக்கும், பெரிய விஷயம் இது. இதே தமிழ்நாடு-ஆந்திர எல்லையின் கிழக்குக் கோடியில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், சூளூர்பேட்டைப் பக்கம் போனால் 36 டிகிரிதான் இருக்கும், ஆனால் ஈரப்பதம் 60 சதவீதம் இருக்கும். அங்கே அதே கூலர் 31 டிகிரிக்குத்தான் இறக்கும், அதுவும் ஈரம் சொட்டும் காற்றாக. வேர்வை காயாது, உடம்பு பிசுபிசுக்கும், அரை மணி நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார்கள். கடற்கரை ஓர ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கூலர் வாடகையை மிச்சப்படுத்தி ஃபேன் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள், நாலு பக்கமும் திறந்துவிடுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் இடம் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான சோதனை உண்டு. விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, விழா நடக்கும் அதே நேரத்தில், நிழலில் இரண்டு சாதாரண அறை வெப்பமானிகளை வையுங்கள். ஒன்றின் குமிழ்மேல் நனைத்த வெள்ளைத் துணியைச் சுற்றி ஃபேன் முன்னால் பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே 12 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் கூலர் பிரமாதமாக வேலை செய்யும். ஏழுக்குக் கீழே இருந்தால் வேண்டாம். இடையில் இருந்தால் உங்கள் பட்ஜெட்டைப் பொறுத்தது.

கூலரை வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பந்தலுக்கு உள்ளே, கம்பத்துக்குக் கம்பம் வைத்துவிடுவார்கள். அது உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து நனைத்துக்கொண்டிருக்கும், முதல் அரை மணி சுகம், அப்புறம் புழுக்கம். கூலரின் முதுகு பந்தலுக்கு வெளியே, நிழலில், புதுக்காற்றை இழுக்கும்படி இருக்க வேண்டும். வாய் மட்டும் உள்ளே பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் காற்று வெளியேறத் திறந்திருக்க வேண்டும். உங்கள் பந்தலுக்கு மேற்குப் பக்கம் பெரிய ரகக் கூலர் எட்டு போதும் என்பது என் கணக்கு, அதுவும் மேலே சொன்ன கூரை வேலை எல்லாம் செய்திருந்தால். ஒவ்வொன்றும் மணிக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், தண்ணீர் ஊற்றத் தனியாக ஒரு ஆள் வேண்டும். தொட்டியில் ஐஸ் பாரைப் போடச் சொல்லி அழுத்துவார்கள், போட்டால் கொஞ்சம் பலன் இருக்கும்தான். ஆனால் ஒரு கிலோ ஐஸ் உருகுவதில் கிடைக்கும் குளிர்ச்சி ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதில் கிடைப்பதில் ஏழில் ஒரு பங்குதான். ஐஸுக்குக் கொடுக்கும் காசில் கூலரின் புல் பாயை மாற்றச் சொல்லுங்கள். பழைய பாயில் உப்புப் படிந்திருந்தால் காற்று நுழையாது.

சாயங்காலம் கிழக்குக் காற்று வந்ததும் கூலரின் பம்ப்பை நிறுத்திவிட்டு வெறும் ஃபேனாக ஓடவிடுங்கள். ஈரக்காற்றில் இன்னும் ஈரத்தைச் சேர்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

ஃபேன் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒன்று உண்டு, காற்றின் சூடு 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் ஃபேன் உதவும். அதற்கு மேல் போனால் அது உடம்புக்குச் சூட்டைத்தான் கொண்டுவரும். திருத்தணியும் வேலூரும் மே மாதத்தில் 40ஐத் தாண்டுவது சகஜம். அந்த மாதிரி நாளில் வெறும் பெடஸ்டல் ஃபேன் மட்டும் வைப்பது விருந்தாளிகளை உலர்த்துவதற்குச் சமம். நனைந்த தட்டி, கூலர் இவற்றின் பின்னால் ஃபேன் நிற்க வேண்டும். இருபது பேருக்கு ஒன்று, எல்லாம் ஒரே திசையில், காற்று போகும் பக்கமாக. எதிரெதிராக வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

தூறல் அடிக்கும் மிஸ்ட் ஃபேனை வாசலிலும் கார் நிறுத்தும் இடத்திலும் வையுங்கள், வந்து இறங்கியதும் முகத்தில் படட்டும். உட்காரும் இடத்தில் வேண்டவே வேண்டாம். ஆரணிப் பட்டு கட்டி வந்த அத்தைக்குப் புடவையில் நீர்த்துளிக் கறை விழுந்தால் சீர்வரிசையை விட அதுதான் ஊர்ப் பேச்சாகும். பந்தி, மேடை, மைக்செட் பக்கமும் ஆகாது. நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், ஏனென்றால் அந்தப் பொடித்துளியை எல்லாரும் மூச்சில் இழுப்பார்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தூறல் வரும் துளையும் அடைத்துக்கொள்ளும்.

ஏசி பந்தல் கேட்டீர்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு டன் ஏசி என்பது ஏறக்குறைய 3.5 கிலோவாட் சூட்டை இழுக்கும். ஆட்களுக்கு மட்டும் 11 டன்னுக்கு மேல் வேண்டும். கூரையில் விழும் வெயிலில் பத்தில் ஒரு பங்கு உள்ளே வந்தாலும் இன்னொரு 16 டன். ஆள் வந்து போகும்போது நுழையும் அனல், விளக்கு, சாப்பாட்டுச் சூடு எல்லாம் சேர்த்தால் 35, 40 டன்னில் போய் நிற்கும். நாலு பக்கமும் சுவர் மாதிரி அடைத்த ஜெர்மன் ஹேங்கர் என்கிற பெரிய கூடாரம் போட வேண்டும், 60 கேவிஏவுக்கு மேல் ஜெனரேட்டர், அதற்கு டீசல். நடுவில் ஜெனரேட்டர் நின்றால் அடைத்த பந்தல் கால் மணி நேரத்தில் திறந்த பந்தலை விட மோசமாகிவிடும். வசதி இருந்து, மாற்று ஜெனரேட்டரும் வைக்க முடிந்தால் செய்யுங்கள். நானாக இருந்தால் அந்தப் பணத்தில் கால்வாசியை வைத்து வீட்டில் ஒரு பெரிய அறையை ஏசி போட்டுத் தயார் செய்வேன். கைக்குழந்தைக்காரர்கள், கர்ப்பிணிகள், பிரஷர் மாத்திரை போடுகிற தாத்தா பாட்டி எல்லாரும் அங்கே இருந்துகொண்டு சடங்கு நேரத்துக்கு மட்டும் பந்தலுக்கு வரட்டும்.

எல்லாரும் விருந்தாளியைப் பற்றியே பேசுகிறோம், விழா நாயகியை மறந்துவிடுகிறோம். பந்தலில் மிகச் சூடான இடம் மேடைதான். பின்னால் தெர்மாகோல், பூச்சுவர், இரண்டு பக்கமும் தூண் அலங்காரம், எதிரில் ஃபோகஸ் லைட். காற்று எங்கிருந்தும் வராது. அந்தப் பெண் குழந்தை கனத்த பட்டு, ஒட்டியாணம், தலை நிறையப் பூ, மாலை மேல் மாலை என்று இரண்டு மணி நேரம் அங்கேதான் நிற்கும். தாய்மாமன் நீங்கள் சீர் தட்டோடு சேர்த்து இதையும் கவனியுங்கள். பின்சுவர் மேடையின் கடைசி ஓரத்திலிருந்து மூன்று அடி முன்னால் நிற்கட்டும், மேலே இரண்டு அடி திறந்திருக்கட்டும். பின்னால் ஒரு கூலர் வைத்துப் பக்கவாட்டு இடுக்கு வழியாகக் காற்றை விடுங்கள். வீடியோக்காரரிடம் பழைய ஹாலோஜன் விளக்கு வேண்டாம், எல்இடி கொண்டுவரச் சொல்லி முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். ஹாலோஜன் ஒன்று 1,000 வாட் என்றால் பத்து ஆள் கூட உட்கார்ந்த மாதிரி. அரை மணிக்கு ஒருமுறை மாலையைக் கழற்றித் தண்ணீர் குடிக்க வைக்க ஒரு சித்தியைப் பொறுப்பாக்குங்கள். போட்டோ எடுக்கிறவர் நிறுத்த மாட்டார், சித்திதான் நிறுத்த வேண்டும்.

தரை மண்தரையாக இருப்பது நல்லது. முந்தின நாள் சாயங்காலம் நன்றாக நனைத்து, விடியற்காலையில் லேசாக ஒரு தெளிப்பு. ஆள் வந்தபின் தெளித்தால் சேறு. செயற்கைச் சிவப்புக் கம்பளத்தை நடைபாதைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இடத்தில் தென்னை நார்ப் பாய் போதும். சிமெண்ட் களத்தின் மேல் பந்தல் போடுவதாக இருந்தால் யோசியுங்கள். முந்தின நாள் சூடு ராத்திரி வரை அதில் இருக்கும்.

காசு செலவில்லாத ஒரே குளிர்ச்சி, நேரத்தைச் சரியாகக் குறிப்பதுதான். நம் பக்கம் திரௌபதியம்மன் கோயில் அக்னி வசந்த விழாவைப் பாருங்கள். சித்திரை வைகாசியில்தான் வருகிறது, கூத்தை ராத்திரிக்கு வைத்துவிட்டார்கள். பகலில் பாரதம் கேட்க உட்கார்கிறவர்களுக்குக் கீற்றுப் பந்தல். உங்கள் சடங்கைக் காலை ஏழரைக்குள் ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடித்தால் முக்கால்வாசிப் பிரச்சினை போய்விடும். ஜோசியரிடம் முதலிலேயே "காலையில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்" என்று சொல்லித்தான் நேரம் குறிக்கச் சொல்ல வேண்டும், பத்தரை மணி என்று எழுதி வாங்கி வந்தபின் மாற்றுவது கஷ்டம். சாப்பாட்டைப் பதினொன்றுக்கே ஆரம்பித்துவிடுங்கள். பந்திக்கு 100 பேர் உட்கார இடம் இருந்தால் நாலு பந்தி. ஒரு மணிக்குள் சித்தூர் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். கடைசிப் பந்திதான் உச்சி வெயிலில் மாட்டும், அதில் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான் இருப்பார்கள்.

குடிக்க நீர்மோர், பானகம், நன்னாரி, தர்பூசணி எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். வாசலில் ஒரே இடத்தில் வைக்காமல் பந்தலுக்குள் தட்டில் எடுத்துக்கொண்டு சுற்ற இரண்டு பையன்களைப் போடுங்கள், வயதானவர்கள் எழுந்து போய் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். மோருக்கு உப்பு தாராளமாக. மீன் பெட்டிக்கு வருகிற ஐஸ் பாரை உடைத்து எதிலும் போடக்கூடாது, பாத்திரத்தை வெளியிலிருந்து குளிர வைக்க மட்டும்.

சமையல் கொட்டகை காற்று போகும் திசையில், அதாவது கிழக்கே இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுப்பு அனல் முழுவதும் பந்தலுக்குள். சமையல்காரர்களுக்கும் ஒரு கூலர் வையுங்கள். அன்றைக்கு மயங்கி விழ அதிகம் வாய்ப்புள்ளவர்கள் அவர்கள்தான்.

தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் எலெக்ட்ரீஷியன் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். வருகிறவர்கள் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தரையில் நடப்பார்கள். கூலர் எல்லாவற்றுக்கும் எர்த் கம்பி, லைனில் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர், ஜாயின்ட் எல்லாம் தரைக்கு மேலே. இரும்புக் கம்பத்தில் வயரைச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

யாருக்காவது தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றால் நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்து நினைவு தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு. வாயில் எதுவும் ஊற்றாமல், உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள், எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான். ஆம்புலன்ஸ் வருகிற வழியில் கார் நிறுத்த விடாதீர்கள்.

கடைசியாக, மே மாதச் சாயங்காலம் என்றால் கோடை மழை. நகரி மலைப் பக்கம் கறுத்தால் அரை மணியில் சூறைக்காற்று வந்துவிடும். மேலே கட்டிய நிழல்வலையும் பக்கப் படுதாவும் பாய்மரம் மாதிரி பந்தலையே இழுக்கும். இரண்டையும் ஒரே முடிச்சில் அவிழ்க்கிற மாதிரிதான் கட்டச் சொல்ல வேண்டும், வெளிக்கம்பங்களுக்கு எல்லாம் இழுவைக் கயிறும் முளையும் வேண்டும். தாமினி என்ற செயலி பக்கத்தில் இடி இருந்தால் எச்சரிக்கும், போனில் போட்டு வையுங்கள். இடி கேட்டதும் இரும்புக் கம்பப் பந்தலில் யாரும் இருக்கக்கூடாது, வீட்டுக்குள்.

இந்த வேலைக்கெல்லாம் வெளியாள் ஒருவரை நியமியுங்கள். சாக்கு நனைந்திருக்கிறதா, கூலரில் தண்ணீர் இருக்கிறதா, படுதாவை எப்போது இறக்க வேண்டும், பம்ப்பை எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை. சொந்தக்காரர்களில் யாரையும் போடாதீர்கள், வந்தவர்களைப் பார்த்துப் பேச உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஆளுக்கு முதல் பந்தியிலேயே சாப்பாடு போட்டுவிடுங்கள்.